எழுதுபவரின் பொறுப்பு: மகளின் எம்.சி.ஏ. படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும்



கணினித் துறையில் முதுகலை பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஹஜ்ரத், படிப்பு முடிவதற்கு முன்பே பிள்ளையைக் கம்பெனிக்குப் போ என்கிறார்களே, இது படிப்பா, வேலையா? பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" எங்கள் மூத்த மகள் இவ்வாண்டுதான் எம்.சி.ஏ. படிப்பை நிறைவு செய்தார் என்பதை அறிந்தே கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூறியதை இங்கே சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் படிப்பின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். எம்.சி.ஏ. முன்பு மூன்றாண்டுப் படிப்பாக இருந்தது. 2020-21 கல்வியாண்டு முதல் அது இரண்டாண்டுகளாகச் சுருக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதில் சேர விரும்புவோர் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். நான்கு பருவங்களில் முதல் மூன்றும் வகுப்பறையில் கழிகின்றன. தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு, மென்பொருள் பொறியியல் என்று பாடங்கள் செல்கின்றன. நான்காம் பருவத்தைப் பல கல்லூரிகள் செய்திட்டத்திற்கென்றே ஒதுக்கிவிடுகின்றன. மாணவர் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து, அங்குள்ள ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான பணியொன்றைச் செய்து, அறிக்கை எழுதி, கல்லூரிக்குத் திரும்பி வாய்மொழித் தேர்வில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதைத்தான் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்கின்றனர். ஆகவே இது படிப்பின் இறுதிப் பகுதி. இதற்கு மதிப்பெண் உண்டு. இதை விடுத்தால் பட்டமும் இல்லை.

இத்தகைய பயிற்சி நம் மார்க்கக் கல்விக்குப் புதிதன்று. ஹிஃப்ழு முடித்த மாணவர் முதல் ரமழானில் ஏதோவொரு சிற்றூர்ப் பள்ளிவாசலுக்குத் தராவீஹ் தொழுவிக்கச் செல்கிறார். உஸ்தாதின் முன் பிழையின்றி ஓதியவர், ஜமாஅத்தின் முன் நிற்கும்போது தடுமாறுகிறார். பின்னால் நிற்கும் ஹாஃபிழ் எடுத்துக் கொடுக்கிறார். அந்த முப்பது இரவுகளில் அவர் கற்பதை எந்த வகுப்பும் கற்றுத் தராது. ஃபத்வாத் துறையில் சிறப்புப் பயிற்சி பெறும் ஆலிம்களும் இவ்வாறே பழகுகின்றனர். மக்கள் அனுப்பும் உண்மையான கேள்விகளுக்கு மாணவர் பதில் எழுதுகிறார். மூத்த முஃப்தி அதைத் திருத்துகிறார், திருப்பி அனுப்புகிறார், மீண்டும் எழுதச் சொல்கிறார். அவர் ஒப்பமிட்ட பின்னரே பதில் வெளியே செல்கிறது. தம் எழுத்தை நம்பி ஒரு குடும்பம் நடக்கப் போகிறது என்ற அச்சம் மாணவருக்கு அங்கேதான் முதன்முதலில் ஏற்படுகிறது.

அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே அல்காரிதம் என்ற சொல் பிறந்தது என்று மேடைகளில் பெருமையுடன் பேசுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அவர் எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி மரண சாசனங்களையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது என்பதைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு. கணக்கை அவர் மனிதர்களின் வழக்குகளோடு பிணைத்தே கற்பித்தார். இன்றைய பயிற்சிப் பருவத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறோம். நாங்கள் வசிப்பது தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று மதரஸாவில் ஓதிக் கொடுப்பவரின் வருமானம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். மகள் பி.எஸ்சி. முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதி இடம் பெற்றபோது, வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். வீட்டார் தம் இரண்டு வளையல்களை அடகு வைக்காமல் விற்றுவிட்டார். மீதியை மச்சான் கர்ழுல் ஹஸனாவாகத் தந்தார். அந்தக் கடனை இன்னும் மாதந்தோறும் அடைத்து வருகிறோம்.

மூன்றாம் பருவத்தின் இறுதியில் மகளின் தோழியர் சிலர் 'புராஜெக்ட் சென்டர்'களைத் தேடிச் சென்றனர். நம் நகரங்களில் இவை பல உள்ளன. பணம் கட்டினால் ஆயத்தச் செய்திட்டம், அச்சிட்ட அறிக்கை, தேர்வில் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் என்று அனைத்தையும் கொடுத்துவிடுவார்கள். "எல்லாரும் வாங்குகிறார்கள் வாப்பா" என்று மகள் சொன்னார். உஸ்தாதிடம் ஓதாமலேயே ஸனது வாங்கியவரின் பின்னால் நின்று தொழுவாயா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கல்லூரி வழியாகவும் சொந்த முயற்சியாலும் அவருக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் கொடுக்கும் நிறுவனம். மாத உதவித்தொகை இருபதாயிரம் ரூபாய். பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் ஊட்டினார்கள். மற்றொன்று, மருத்துவமனைகளுக்குப் பதிவேட்டு மென்பொருள் செய்து தரும் சிறு நிறுவனம். உதவித்தொகை எட்டாயிரம். வேலைக்கு உறுதி ஏதும் கிடையாது. இரண்டும் சென்னையில்.

எங்கள் நிலையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் வேறுபாடு சிறிதன்று. மச்சானின் கடன் கண்முன் நின்றது. ஆயினும் வட்டியை உண்பவரோடு அதை எழுதுபவரையும் சாட்சிகளையும் சேர்த்தே கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருப்பதை எங்களால் மறக்க இயலவில்லை. அக்காலத்தில் எழுதுபவர் கையில் பேனா இருந்தது. இன்று தவணை தவறியவருக்கு எத்தனை விழுக்காடு அபராத வட்டி ஏற வேண்டும், அவருக்கு எத்தனை முறை அழைப்பு போக வேண்டும் என்பதை நிரலாக எழுதுபவர் யார்? அவர் வெறும் கூலியாளா, அந்த நபிமொழி குறிப்பிடும் எழுத்தரா?

தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆதலால் எங்கள் உஸ்தாத் ஒருவரிடம் மகளையே அழைத்துச் சென்று கேட்கச் செய்தோம். அவர் பணியின் தன்மையை விரிவாகக் கேட்டறிந்தார். வட்டி நடைபெறும் இடத்தில் காவலாளியாக நிற்பதற்கும், வட்டிக் கணக்கையே உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். "நீ செய்யப் போவது இரண்டாவது. வேறு வழி இருக்கும்போது அங்கே போகாதே" என்றார். கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கியே நெறிமுறை வகுக்க நேர்ந்ததை மகள் அவரிடம் எடுத்துச் சொன்னார். எங்களுக்கு அச்செய்தி புதிது. இறுதி முடிவை மகளிடமே விட்டோம். அவர் எட்டாயிரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்து, சென்னைக்கு அனுப்பும் பிரச்சினை. வாப்பும்மா மூன்று நாள் எங்களுடன் பேசவில்லை. அவருடைய கவலையை நாங்கள் அலட்சியம் செய்யவும் இல்லை. ஸூரா அல்கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பணிக்கு அமர்ந்த வரலாறு வருகிறது. வலிமையும் நம்பகமும் உள்ளவரே பணிக்கு ஏற்றவர் என்பதை அப்பெரியவரின் மகள் எடுத்துரைக்கிறார். பணியின் காலம் எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து என்பது தொடக்கத்திலேயே பேசப்படுகிறது. சிரமப்படுத்த மாட்டேன் என்ற உறுதியையும் பெரியவர் தருகிறார். பணிக்கு முன் நிபந்தனைகளைத் தெளிவாகப் பேசிக்கொள்வது நபிமார்களின் வாழ்வில் உள்ள நடைமுறை. எனவே நாங்களும் கேட்டோம்.

அந்நிறுவனத்திற்கு மகளே மின்னஞ்சல் எழுதினார். பணியில் யார் வழிகாட்டுவார், பணி நேரம் என்ன, உதவித்தொகை எந்தத் தேதியில் வரும், தொழுவதற்கு இடம் உண்டா, ரமழானில் காலை முன்னதாக வந்து மாலை முன்னதாகச் செல்லலாமா என்றெல்லாம் கேட்டார். பதில் மறுநாளே வந்தது. தொழுகைக்கெனத் தனி அறை இல்லை என்றும், கூட்ட அறை காலியாக உள்ள நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். நேர மாற்றத்திற்கும் ஒப்புக்கொண்டார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோரிடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சிக்கு வந்திருப்பவரும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் அடங்குவார். அக்குழுவில் யார் யார் உள்ளனர் என்று கேட்பது நம் உரிமை. மகள் அதையும் கேட்டார். பட்டியலை அனுப்பி வைத்தார்கள். வாப்பும்மாவிடம் அதைப் படித்துக் காட்டியபோது, "கேட்டதற்குக் கோபப்படவில்லையே, அப்படியானால் நல்ல மனிதர்கள்தான்" என்று சொல்லி மௌனத்தைக் கலைத்தார்.

திருவல்லிக்கேணியில் நமக்குத் தெரிந்த குடும்பத்தார் பரிந்துரைத்த பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணிக்குச் சென்று வந்தார். ஜனவரியில் தொடங்கியது பயிற்சி.

அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி வெளிப்பார்வைக்குச் சிறியது. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் ஒரே நோயாளி இரண்டு மூன்று பேராகப் பதிவாகியிருந்தார். முஹம்மது என்ற ஒரே பெயரை நாம் ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பாத்திமா, ஃபாத்திமா, பாத்திமா பீவி, பாத்திமுத்து என்று ஒருவரே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயரைச் சொல்கிறார். தலைப்பெழுத்து ஒருமுறை தந்தையுடையது, மறுமுறை கணவருடையது. இதற்கு நேர்மாறாக, ஒரே தெருவில் ஒரே பெயரில் ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு பெண்கள் இருக்கின்றனர். முன்னவரைப் பிரித்து வைத்தால், இன்ன மருந்து இவருக்கு ஒவ்வாது என்ற பழைய குறிப்பு மருத்துவரின் கண்ணில் படாமல் போகும். பின்னவர் இருவரையும் ஒருவராக்கினால், ஒருவருடைய இரத்த வகை மற்றவரின் ஏட்டில் ஏறிவிடும். இரண்டிலும் உயிருக்கே ஆபத்து.

பெயரின் ஒலி, பிறந்த ஆண்டு, தொலைபேசி எண், தந்தை அல்லது கணவர் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டு, இவ்விரு பதிவுகளும் ஒருவருடையவையாக இருக்கக்கூடும் என்று மதிப்பெண் இட்டுக் காட்டும் நிரலை மகள் எழுதினார். பதிவுகளைத் தானாகவே இணைத்துவிடும்படி முதலில் அமைத்திருந்தார். மேற்பார்வையாளரான அம்மையார் அதை ஏற்கவில்லை. "நிரல் சந்தேகத்தை எழுப்பட்டும், முடிவை ஒரு மனிதர் எடுக்கட்டும்" என்று கூறித் திருப்பிக் கொடுத்தாராம். மூன்று முறை அந்நிரல் திரும்பி வந்தது.

தொலைபேசியில் இதைக் கேட்டபோது எங்களுக்கு ஹதீஸ் கலை பாடம் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 463-இல், அதாவது கி.பி. 1071-இல், வஃபாத்தான கதீப் அல்பக்தாதி அவர்கள் இதே சிக்கலுக்கென்றே நூல்கள் எழுதியுள்ளார்கள். பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் உள்ள அறிவிப்பாளர்களைப் பற்றியது 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்'. ஒருவரை இருவராகப் பிரித்தும் இருவரை ஒருவராகச் சேர்த்தும் எழுதப்பட்ட தவறுகளைச் சுட்டிக்காட்டுவது 'மூழிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்'. பெரும் இமாம்களின் ஏடுகளில் நேர்ந்த அத்தகைய தவறுகளையும் அவர்கள் விடவில்லை. நம்பகமான அறிவிப்பாளரும் நம்பத்தகாதவரும் ஒரே பெயரில் இருந்தால், ஆளை மாற்றிப் பிடிப்பது மார்க்கத்தையே பாதிக்கும் அல்லவா? இதைக் கேட்ட மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா, அவர்கள் எதையெல்லாம் வைத்து ஆளைப் பிரித்தறிந்தார்கள்?" என்று கேட்டார். குன்யத், ஊர், ஆசிரியர்கள், மாணவர்கள், வாழ்ந்த காலம் என்று சொன்னோம். கையில் காகிதத்துடன் குறித்துக்கொண்டார் என்று பிறகு அறிந்தோம். முன்பு வசித்த ஊரின் பெயரையும் ஒப்பீட்டில் சேர்க்கலாம் என்று அவர் சொன்ன யோசனை அங்கே ஏற்கப்பட்டது.

பயிற்சிக்கு வருவோர் உண்மையான நோயாளிகளின் விவரங்களைக் காணாதபடி, பெயர் மாற்றிய பதிவுகளையே அங்கு கொடுத்தார்கள். மருத்துவமனைப் பதிவு மேசை எவ்வாறு இயங்குகிறது என்று பார்த்து வர ஒரே ஒருநாள் அனுப்பினார்கள். அன்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் எந்தப் பிரிவுக்கு வந்தார் என்பது திரையில் தெரிந்திருக்கிறது. பெருநாளுக்கு ஊர் வந்திருந்தபோது, "நம்மூர் ஆள் ஒருவரை ஆஸ்பத்திரியில் கண்டேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். வாப்பும்மா உடனே, "யார்? என்ன உடம்புக்கு?" என்று கேட்டார். "அது அமானத் வாப்பும்மா" என்றார் மகள். வாப்பும்மா விடவில்லை. உம்மாவும் கேட்டார். அவர் சொல்லவே இல்லை. இன்றுவரை அவர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023-இல் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பிறர் குறையை மறைப்பவரின் சிறப்பு நமக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கற்பிக்கப்பட்டது. மதரஸாவில் அமானத் என்ற பாடத்தை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். எங்கள் சொந்த வீட்டுக் கூடத்தில் அதை ஒரு பிள்ளை கடைப்பிடிக்கக் கண்டது அன்றுதான். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் மாதம் பயிற்சி முடிந்தது. வாய்மொழித் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆனால் அந்நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. இப்போது இடமில்லை என்று முன்னரே சொன்னபடி சொல்லிவிட்டார்கள். கடன் செயலி நிறுவனத்திற்குச் சென்ற வகுப்புத் தோழிக்கு அங்கேயே வேலை உறுதியாகிவிட்டது. "இருபதாயிரத்தை விட்டுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறாளே" என்று உறவினர் சிலர் பேசுகின்றனர். அந்தப் பேச்சு வலிக்கவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. மச்சானின் கடனில் பாதிக்கு மேல் பாக்கி உள்ளது. மகள் இதுவரை இரண்டு நேர்முகங்களுக்குச் சென்று வந்துள்ளார். இரண்டிலும் அந்தப் பெயர் ஒப்பீட்டு நிரலைப் பற்றியே நெடுநேரம் கேட்டார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் தாமே செய்ததைச் சொல்ல முடிந்தது என்று கூறினார். முடிவு வரவில்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று பிறருக்குப் போதிக்கும் நாங்கள் அதை எங்கள் வீட்டில் பொறுமையுடன் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இப்பருவத்தை அடையும்போது அவர்களைத் தடுக்காதீர்கள். கேள்வி கேட்காமல் அனுப்பியும் விடாதீர்கள். அந்த நிறுவனம் எதைச் செய்து பிழைக்கிறது, பிள்ளை எழுதப்போகும் நிரல் யாரைத் தொடும் என்று முதலில் கேளுங்கள். திருத்திச் சொல்லிக் கொடுக்க அங்கு ஒருவர் உண்டா என்று கேளுங்கள். உதவித்தொகை, காலம், நேரம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். பயிற்சி தருவதற்குப் பணம் கேட்கும் இடங்களையும், மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். விடுதி, பயணம், தொழுகை ஆகியவற்றைப் பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். இக்கேள்விகளைப் பிள்ளையே எழுதி அனுப்பட்டும். நாளை பணியிடத்தில் தனியே நின்று மறுக்க வேண்டிய ஒன்றை மறுப்பதற்கு அதுவே முதல் பழக்கம். ஹலால் எது என்பதில் ஐயம் எழுந்தால் அறிந்த உலமாவிடம் பிள்ளையையே கேட்கச் செய்யுங்கள். அவர்களுக்குப் புரியும் வரை கேட்கட்டும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பைத்துல் மாலிலிருந்து கல்விக் கட்டணத்திற்கு உதவுகிறீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக. அந்த ஆறு மாதங்களின் விடுதிச் செலவிற்கும் கர்ழுல் ஹஸனா வழங்க முடியுமானால், குறைந்த தொகையுள்ள நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பல பிள்ளைகளுக்குத் துணிவு பிறக்கும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு மக்களுக்குத் தீங்கின்றிப் பணியாற்றும் உள்ளத்தையும், பரக்கத் நிறைந்த ஹலாலான ரிஸ்கையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. எங்கள் மகளுக்காகவும் துஆ செய்யுங்கள். ஆமீன். வஸ்ஸலாம்.